தபீதாள் கொடுக்காத தள்ளுபடி

1

இந்தக் கதை எனக்கு நாற்பது சதவீதத் தள்ளுபடியில் கிடைத்தது. திருப்பதியில் இரண்டு நாள் தங்க இடம் தேடிக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டின் படத்துக்குக் கீழே ரூ. 2,500 என்று போட்டு, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ரூ. 1,500 என்று எழுதியிருந்தார்கள். அடித்த விலைகளை நான் நம்புவதில்லை. ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்தவன் எவனும் நம்ப மாட்டான். ஆனால் அன்றைக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. இந்த 2,500 ரூபாயை முழுசாகக் கொடுத்துத் தங்கிவிட்டுப் போன அந்த ஒரு மனிதர் யார்? எந்த ஊர்? வீட்டில் அவரை என்ன சொல்லித் திட்டினார்கள்? அவரைப் பற்றி எழுதலாம் என்றுதான் அறையைப் பதிவு செய்தேன்.

போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கார அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன்.

"அந்த ரேட்டு யாரும் குடுத்ததே இல்ல சார்," என்றார். "அது அடிக்கிறதுக்குன்னே போட்டது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆக, என் கதாநாயகர் பிறக்காமலே இறந்துபோனார். அவர் காலி செய்த நாற்காலியில் அந்த அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார். பெயர் தபீதாள். (பெயரை மாற்றியிருக்கிறேன். எதிலிருந்து என்று கேட்காதீர்கள்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘சேஷாசலத்தின் சிகரங்கள் காலைப் பொன்வெயிலில் தகதகக்க, அம்மலையின் மடியில் துயிலும் அந்த இல்லத்தின் சாளரங்கள்—’

நிறுத்திவிட்டேன். அலிபிரி சாலையிலிருந்து மூன்றாவது சந்தில் இருக்கும் அந்த வீட்டின் சாளரத்தைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மாடிக்குப் போய், தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே கழுத்தை நீட்டினால் மலை ஒரு கையளவு தெரியும். இணையத்தில் அந்த வீட்டுக்குப் பெயர் ‘சேஷாத்ரி வியூ ஹெரிட்டேஜ் ஸ்டே’. வாசலில் சிமெண்டில் புடைத்திருக்கும் பெயர் ‘எபெனேசர், 2011’. பாரம்பரியத்துக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.

இரண்டாவது: ‘விருந்தோம்பல் என்பது தமிழரின் இரத்தத்திலேயே—’

இதுவும் போயிற்று. அந்த வாசலில் என்னிடம் சொல்லப்பட்ட முதல் சொல் ‘ஆதார்’.

மூன்றாவது: ‘தபீதாள் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர்.’

இது நிற்கும்போல இருக்கிறது. சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் விடுதியில் இருபத்தெட்டு வருடம் வார்டனாக இருந்தவர். ஜுரம் என்று படுத்த பெண்ணின் நெற்றியைத் தொடாமலே அது நிஜ ஜுரமா, கணக்குப் பரீட்சை ஜுரமா என்று சொல்வார். ஜெபக் கூடத்தில் நூற்றிருபது பெண்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருக்க, பின்னால் நின்று பின்னல்களை மட்டும் பார்த்தே எவள் சுவர் ஏறிக் குதித்துச் சினிமாவுக்குப் போயிருக்கிறாள் என்று கண்டுபிடிப்பார். முகம் அவருக்கு இரண்டாம் பட்சம். முகம் பொய் சொல்லும், பின்னல் சொல்லாது என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்றதும் வைப்பு நிதியையும் ஒரு வங்கிக் கடனையும் சேர்த்து வீட்டின் மேல் மூன்று அறைகள் கட்டினார். தவணை மாதம் ஐந்தாம் தேதி. அறைகள் காலியாகக் கிடந்தால் வங்கி வரும். வங்கி வந்தால் வீடு போகும். வீடு போனால் மிஞ்சுவது சித்தூரில் நாத்தனார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. நாத்தனார் அதை இப்போதே பெருக்கி வைத்திருப்பதாகக் கேள்வி.

கணவர் சாந்தகுமார் ரேணிகுண்டாவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய விசிட்டிங் கார்டில் ‘மேனேஜிங் ஹோஸ்ட்’ என்று தங்க எழுத்தில் இருக்கும். தபீதாளுக்குக் கார்டு கிடையாது. இட்லி ஊற்றுகிறவருக்கும் படுக்கை விரிப்பு துவைக்கிறவருக்கும் கார்டு அடிக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை.

(இட்லி பற்றி ஒரு குறிப்பு. படுக்கையும் காலைச் சாப்பாடும் என்பதுதான் இந்தத் தொழிலின் தாரக மந்திரம். ஆனால் திருப்பதிக்கு வருகிறவர்கள் கோழி கூவுமுன் குளித்து, வெறும் வயிற்றோடு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்புவது சாயங்காலம் நாலு மணிக்கு, கொலைப் பசியோடு. எனவே உலகத்திலேயே சாயங்காலம் நாலு மணிக்குக் காலைச் சாப்பாடு போடும் வீடு இது ஒன்றாகத்தான் இருக்கும். கம்பெனி படிவத்தில் மட்டும் ‘காலை 7 முதல் 9 வரை’ என்று சாந்தகுமார் கொட்டை எழுத்தில் நிரப்பி வைத்திருக்கிறார்.)

3

கம்பெனி என்றேன். அதன் பெயர் ‘திவ்யமார்க் யாத்ரா சொல்யூஷன்ஸ்’. அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில். அங்கே உட்கார்ந்திருக்கும் பவன்குமாருக்கு இருபத்தேழு வயது. சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை. பதவி, ‘ரீஜனல் பார்ட்னர் சக்ஸஸ் மேனேஜர்’. இதில் எந்தச் சொல் அவனைக் குறிக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒப்பந்தம் போட வந்த அன்று அவன் தபீதாளைப் ‘பார்ட்னர்’ என்றான்.

"பார்ட்னர்னா பாதி பாதி இல்லியா பாபு?" என்றார் தபீதாள்.

"இது ஸ்ட்ராட்டஜிக் பார்ட்னர் ஆண்ட்டி."

"அப்டின்னா?"

"ஸ்ட்ராட்டஜி நாங்க பாத்துக்குவோம். நீங்க பெட்ஷீட் பாத்துக்குங்க."

சாந்தகுமார் பலமாகத் தலையாட்டினார். தபீதாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். அறை வாடகை 1,500. கம்பெனிக் கமிஷன் இருபத்திரண்டு சதவீதம், அதாவது 330. அவர் கைக்கு 1,170. ஒப்பந்தத்துக்கு முன்னால், வாசலில் போர்டு மாட்டி நேராக வாங்கிக்கொண்டிருந்தது 1,200. விருந்தாளிக்கு முந்நூறு ரூபாய் நஷ்டம், ஆயிரம் ரூபாய் லாபம் என்று சந்தோஷம். தபீதாளுக்கு முப்பது ரூபாய் நஷ்டம், ஆள் வருகிறதே என்று சந்தோஷம். நஷ்டப்பட்ட இருவரும் சந்தோஷமாக இருக்கும்படி நடத்துவதற்குத்தான் கமிஷன்.

பதினாலாவது ஷரத்தில் அவர் விரல் நின்றது. கம்பெனி விலைக்குக் குறைவாக வேறு யாருக்கும் அறை தரக் கூடாது. கம்பெனி அனுப்பிய விருந்தாளி, அடுத்த இரண்டு வருடம் எப்போது வந்தாலும் கம்பெனி விருந்தாளிதான்.

"ரெண்டு வருசம் உங்க ஆளா? நடுவுல செத்துகித்துப் போனா யாரு பாபு எடுக்கிறது?"

"ஆண்ட்டி, மீரு டென்ஷன் படொத்து, டென்ஷன் ஆகாதீங்க. கையெழுத்து போடுங்க." பிறகு டையைச் சரிசெய்துகொண்டு ஒரு குண்டைப் போட்டான். "ஒண்ணு சொல்லிட்றேன். எங்க ஆளு ஒருத்தரு கெஸ்ட் மாதிரியே வருவாரு. மிஸ்டரி கெஸ்ட். நேரா வந்தா எவ்ளோன்னு கேப்பாரு. நீங்க கொறச்சி சொன்னீங்கன்னா, அயிபோயிந்தி, முடிஞ்சது. லிஸ்டிங் க்ளோஸ். ஆப்புல உங்க வீடே இருக்காது."

"யாரு அந்த ஆளு?"

"நாக்கே தெலீது ஆண்ட்டி, எனக்கே தெரியாது. அதான் மிஸ்டரி."

ஓய்வு பெற்ற ஒரு வார்டனுக்கு இதைவிடப் பெரிய வேலைவாய்ப்பு கிடையாது. அன்றிலிருந்து வந்த விருந்தாளிகள் அனைவரையும் தபீதாள் சந்தேகப்பட்டார். கைக்குழந்தையோடு வந்தவர்களில் குழந்தையை மட்டும் விட்டுவைத்தார்.

4

ஆனால் இந்த ஊரில் சந்தேகப்படுவதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. முடியோடு போகிறவர்கள் மொட்டையாகத் திரும்பி வருவார்கள்.

யோசித்துப் பாருங்கள். பின்னலை வைத்தே ஆள் அறிந்த ஒருத்தி. அவளுடைய மூலதனத்தை எல்லாரும் மலையில் இறக்கி வைத்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி நாலு மணிக்கு இட்லிக்கு வந்து நிற்கிறார்கள். ஆதார் படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தரம் சென்னைக்காரரின் சாவியை ஓசூர்க்காரரிடம் கொடுத்து, அவர் அடுத்தவர் மனைவியின் புடவைப் பெட்டியைத் திறந்து, பெரிய ரகளை.

அதற்குப் பிறகுதான் தபீதாள் பதிவேட்டில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்தார். தலைப்பு: ‘முடி போனாலும் மாறாதவை’. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் இப்படி: ‘இடது காது சிறிசு.’ ‘கழுத்தில் மரு.’ ‘நடந்தால் வலது பக்கம் சாய்வார்.’ ‘கடன் கேட்கிறவர் மாதிரி சிரிப்பு.’ நான் அதைப் படித்தேன். நமது நாவல்களில் ஐந்து பக்கம் செலவழித்தும் நிற்காத பாத்திரங்கள் அதில் ஒரே வரியில் எழுந்து நின்றார்கள். பொறாமையாக இருந்தது.

நான் போனது புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின நாள். மூன்று அறையும் நிரம்பியிருந்தது. முதல் அறையில் குடியாத்தத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் புருஷோத்தமன், மனைவியோடு. கம்பெனி மூலம் வந்தவர். பின்னோக்கி வாரிய சாயமடித்த முடி. இரண்டாம் அறையில் பிச்சாட்டூர் நாகபூஷணம். கம்பெனி பிறக்கும் முன்பே போர்டைப் பார்த்து வந்து, வருடா வருடம் புரட்டாசிக்கு வருகிறவர். வெள்ளை முடி, கொத்து மீசை. முடியை விட்டுவிட்டால் இருவரும் ஐம்பது சொச்சம் வயதில், கறுப்பாய், கட்டைகுட்டையாய், ஒரே மாதிரி.

மூன்றாம் அறையில் நான். (என்னை ‘மெலிந்த, சிந்தனை தோய்ந்த கண்களை உடைய ஒருவர்’ என்று படர்க்கையில் எழுதிப் பார்த்தேன். மிக நன்றாக வந்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

தபீதாளின் கண்ணில் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்பதைப் பட்டியல் போட்டால் எனக்கே சந்தேகம் வருகிறது. திருப்பதி வரைக்கும் வந்து மலை ஏறாத ஆள். வந்ததும் வராததுமாய் விலை பற்றிக் கேட்ட ஆள். குழாயைத் திறந்து திறந்து மூடியவன். (வெந்நீர் வரவில்லை.) எந்நேரமும் நோட்டில் எதையோ எழுதுகிறவன். எல்லாவற்றுக்கும் மேலே, கதைக்கு வேண்டுமே என்று மறுபடியும் போய், "நேரா வந்தா எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, கல்வி அதிகாரி வந்தால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார் தபீதாள். "அதே ஆயிரத்தி ஐநூறுதான் சார். கம்பெனி ரூல். அதுல மாத்தமே கெடயாது."

அதன் பிறகு எனக்கு வடை வந்தது. இரண்டாவது டவல் வந்தது. கேட்காமலே கொசுவத்தி வந்தது. அன்று பூராவும் அவர் கண் என் மேலேயே இருந்தது. என்னை யாரோ என்று நினைக்கிறார் என்று புரிந்தும் நான் திருத்தவில்லை. ஒரு தடவை மட்டும், பேச்சு வாக்கில், "நான் கதை எழுதறவன்மா," என்றேன்.

"ஆமா சார்," என்றார். "எழுதுங்க, எழுதுங்க. நல்லா எழுதுங்க."

இப்படி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று விட்டுப்போயிற்று. புருஷோத்தமன், நாகபூஷணம் இருவருக்கும் நேரே ‘முடி போனாலும் மாறாதவை’ பத்தி காலியாக இருந்தது.

5

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை. கூடத்து மேசையில் மீசையும் வழித்த ஒரு மொட்டைத் தலை. சந்தனம், வேட்டி, வாய் கொள்ளாத இட்லி. தபீதாள் சட்டினி ஊற்றினார்.

"நாகபூஷணம் அண்ணே, மெதுவா துன்னுங்க. காத்தாலருந்து பச்சத் தண்ணி பல்லுல பட்டிருக்காது."

தலை ஆடியது.

"மேல ரொம்ப கூட்டமா?"

தலை ஆடியது.

தபீதாள் மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். (நான் படிக்கட்டு வளைவில், டவலோடு, அவருக்குத் தெரியாமல் நின்றிருந்தேன். கதைக்காரன் வேறு எங்கே நிற்பான்?)

"கம்பெனி ஆளு ஒருத்தரு வந்து மேல ஒக்காந்துகினு கீறாரு. அதான் மெல்ல சொல்றேன். எவன் இன்னா சொன்னாலும் அந்த ஆப்புல மட்டும் போட்டுடாதீங்க. ஆயிரத்தி ஐநூறு புடுங்குவான். அதுல முந்நூத்தி முப்பது அவன் துன்னுடுவான். எப்பவும் போல எனக்கே போன் போடுங்க. ஆயிரத்தி எரநூறுதான். உங்க ஊரு ஆளுங்க வந்தாலும் அதேதான்."

இட்லி இறங்கியது. ஒரு டம்ளர் தண்ணீரும் இறங்கியது.

"யம்மா," என்றது தலை. "நான் புருஷோத்தமன். குடியாத்தம். நீங்க சொல்ற ஆப்புலதான் போட்டேன். ஆயிரத்தி ஐநூறு கட்னேனே."

அப்போது பார்த்து வாசலில் இன்னொரு மொட்டைத் தலை செருப்பைக் கழற்றியது. "தபீதாளம்மா, இட்லி கீதா, இல்ல தீந்துபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே நாகபூஷணம் உள்ளே வந்தார்.

தபீதாள் ஒரு தலையைப் பார்த்தார். இன்னொரு தலையைப் பார்த்தார். இட்லிக் கரண்டி கையில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப என் முந்நூறு?" என்றார் புருஷோத்தமன்.

"அத அவன் துன்னுட்டான் நைனா. இனிமே இன்னா பண்றது."

மறுநாள் கிளம்பும்போது புருஷோத்தமனுக்கு வழிக்கு என்று ஒரு பெரிய பொட்டலம் புளிசாதம் போயிற்று. அவர் சந்தோஷமாகத் தபீதாளின் எண்ணைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டார்.

6

எழுதி முடித்துப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். இது தவறுதானா? ஜுரத்தைத் தொடாமல் அறிந்தவர், குடியாத்தத்தையும் பிச்சாட்டூரையும் குழப்புவாரா? பவன்குமாருக்குப் பழிவாங்க, மொட்டையைச் சாக்காக வைத்து, வேண்டுமென்றே கம்பெனி மூலம் வந்த விருந்தாளிக்கே ரகசியத்தைச் சொன்னாரோ? இப்படி ஒரு தபீதாளை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். தந்திரக்காரத் தபீதாள். புரட்சிக்காரத் தபீதாள். வாசகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த இட்லிக் கரண்டியை எங்கே வைப்பது என்று அவர் திண்டாடியதை நான் பார்த்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது எழுத்தாளர்களின் தொழில்தான் என்றாலும், கண்ணெதிரே திண்டாடின கையை அடித்துவிட்டு எழுத முடியவில்லை. இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

நாலு வாரம் கழித்துத் தபீதாளுக்குக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதினாலாம் ஷரத்து மீறல். விசாரணை முடியும்வரை லிஸ்டிங் நிறுத்தம். மூன்று அறையும் காலியாயின. ஐந்தாம் தேதிக்குப் பதினொரு நாள் இருந்தது.

புருஷோத்தமன்தான் அந்த மிஸ்டரி கெஸ்ட் என்று தபீதாள் நினைத்தார். "சந்தேகமே வேணாம், பிச்சாட்டூர்க்காரன்தான்," என்றார் சாந்தகுமார். "பார்டர்ல இருக்கறவன், ரெண்டு பாஷைலயும் போட்டுக் குடுப்பான். நம்ம இண்டஸ்ட்ரில இதெல்லாம் ஒரு ரிஸ்க் ஃபேக்டர்." நாத்தனார் போன் செய்து, அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவா என்று கேட்டார்.

நான் ஒருவரையும் சந்தேகப்படவில்லை. எனக்கு விஷயமே தெரியாது. தபீதாள் போன் செய்யும்வரை.

7

"சார், எபெனேசர்லருந்து பேசறேன். சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.

"மொதல்ல உங்களதான் கம்பெனி ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன் சார், அப்பறம் புருஷோத்தமன. இல்லியாம். அப்டி ஒரு ஆளே கெடயாதாம். பவன்குமாரு ஆபீசுக்கே போயி கேட்டேன். சும்மா பயமுறுத்தறதுக்கு சொன்னானாம். ‘அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் சம்பளம் யாரு ஆண்ட்டி குடுக்கறது’ன்றான்."

"அப்படியா?"

"ஆமா சார். அப்பறம் அந்த நோட்டீஸ்ல ஆதாரம்னு ஒண்ணு போட்டுக்கீறாங்க. படிக்கட்டா? ‘சந்தனம் மணக்கும் மொட்டைத் தலைகளின் அந்த மாலை வேளையில், அன்னபூரணியாய் நின்ற அந்த அன்னை, ஆள் மாறியது அறியாது, ஆயிரத்து இருநூறு என்று அன்பின் விலையை உரைத்தார்.’" நிறுத்தினார். "புருஷோத்தமன் சிமெண்ட் விக்கிறாரு சார். அவரு ‘உரைத்தார்’னா சொல்லுவாரு?"

கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாகபூஷணம் அண்ணனுக்குக் கையெழுத்து போட வரும், அவ்ளோதான். இந்த மாதிரி எழுதற ஆளு அன்னிக்கி எங்க வீட்ல வேற யாரு சார் இருந்தாங்க?"

சித்தூர் விடுதியில் பெண்கள் மூன்றாவது கேள்வியில் ஒப்புக்கொள்வார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் இரண்டாவதிலேயே ஒப்புக்கொண்டேன்.

உங்களிடமும் ஒப்புக்கொள்கிறேன். அறையைக் காலி செய்த அன்று கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. நூறு சொல்லுக்கு மேல் விமர்சனம் எழுதினால் அடுத்த தடவை பத்து சதவீதம் கூடுதல் தள்ளுபடி. நான் நானூற்று முப்பது சொல் எழுதினேன். ஐந்து நட்சத்திரம். பாராட்டித்தான் எழுதினேன், சத்தியமாக. அந்தக் கூடத்துக் காட்சி அவ்வளவு அழகாக இருந்தது, விட மனசு வரவில்லை. அதைப் பவன்குமாரும் படிப்பான் என்று தோன்றவில்லை. நம்மை யார் படிக்கிறார்கள் என்ற எண்ணத்திலேயே காலம் ஓட்டியவன் நான். என்னை முதல் முறையாக வரி விடாமல் படித்தவன் அவன்தான்.

மிஸ்டரி கெஸ்ட் வந்துதான் போயிருக்கிறார். சம்பளம் பத்து சதவீதம்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

"அதெல்லாம் வேணாம் சார். அந்தப் பொண்ணுங்களும் அதேதான் சொல்லும். நீங்க கதை எழுதறவருன்னு சொன்னீங்க இல்ல? அப்ப அத கதைன்னு எழுதிக் குடுங்க."

"அது நடந்ததுதானேம்மா?"

"நான் பொய் சொல்ல சொல்லல சார். கதை எழுதறவரு எழுதனா அது கதைதான? இல்லியா?"

இலக்கியக் கூட்டங்களில் இதே கேள்வியை நான்கு பேர் சேர்ந்து மூன்று மணி நேரம் பேசிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. அங்கெல்லாம் யாருக்கும் ஐந்தாம் தேதி தவணை இல்லை.

8

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். என் விமர்சனத்தில் உள்ள சம்பவம் முழுக்கக் கற்பனை. நான் ஓர் எழுத்தாளன். கற்பனை செய்வது என் தொழில். பவன்குமார் போன் செய்தான்.

"சார், நீங்க ரைட்டருன்றதுக்கு ப்ரூஃப் உந்தா, இருக்கா?"

என் புத்தகங்களின் பெயர்களைச் சொன்னேன். அவன் கேள்விப்பட்டதில்லை. இந்த விஷயத்தில் அவன் தனி ஆள் இல்லை.

"அது சரே சார். ஆனா இதே மேட்டர கதையா எழுதி எங்கயாவது ப்ரிண்ட்ல வந்தா கொண்டாங்க. கம்ப்ளையன்ஸ் கமிட்டில வெக்கறேன். கதை மாதிரி இருந்தா கேஸ் க்ளோஸ். நெஜம் மாதிரி இருந்தா லிஸ்டிங் க்ளோஸ்."

ஆக, முதல் பகுதியில் நான் சொன்னது பாதிதான் உண்மை. இந்தக் கதை தள்ளுபடியில் கிடைத்ததல்ல, கம்பெனி கேட்டு எழுதியது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது ஒரு பின்னிணைப்பு. இணைப்பு எண் இரண்டு. (எண் ஒன்று, என் விமர்சனம்.)

இதற்கு முடிவும் எழுதிப் பார்த்தேன்.

கமிட்டி மனமிரங்குகிறது. பவன்குமார் டையைக் கழற்றிவிட்டு, கையில் இனிப்புப் பெட்டியோடு எபெனேசர் வாசலில்— இல்லை. பவன்குமாரே இதைப் படிக்கப் போகிறான், சிரித்துவிடுவான்.

தபீதாள் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிகிறார். பழைய போர்டைத் தூசி தட்டி மாட்டுகிறார். ‘ஆயிரத்து இருநூறு, எல்லாருக்கும்’ என்று கேட்டு யாத்ரிகர்கள் சாரை சாரையாக— இது கம்பெனியின் விளம்பரப் படத்தில் வர வேண்டியது. வங்கி மேலாளர் இப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது முடிவு, சுண்ணாம்பு வாசம் அடிக்கும் ஒரு மாடிப்படி அறையில் தொடங்குகிறது. ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

கையெழுத்துப் பிரதியைத் தபீதாளுக்கு அனுப்பினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்திருக்கிறார். நாத்தனாரைப் பற்றி எழுதியதை எடுக்கச் சொன்னார். (எடுக்கவில்லை.) பிறகு சொன்னார்:

"எல்லாம் சரி சார். ஆனா படிச்சா நெஜம் மாதிரியே கீதே."

இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். இந்த ஒரு பாராட்டுக்காகத்தான் காத்திருந்தேன். அது இந்தக் கதைக்கா வர வேண்டும்? நல்ல வரிகளைக் கெடுத்துப் பார்த்தேன். தொடக்கங்களை உடைத்தேன். அடைப்புக்குறிக்குள் அடிக்கடி தலையை நீட்டினேன். அப்படியும் அந்த ஐந்தாம் பகுதி மட்டும் பொய்யாக மாட்டேன் என்கிறது.

கமிட்டி தானாக முடிவெடுக்காதாம். படித்தவர்களில் பத்துப் பேருக்குப் போன் செய்து அபிப்பிராயம் கேட்பார்களாம். உங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கேயோ எப்போதோ ஒரு தள்ளுபடிக்காக நீங்களே கொடுத்திருப்பீர்கள். குரல் மரியாதையாக இருக்கும். கேள்வி ஒன்றே ஒன்று: அந்த அம்மா ஆயிரத்து இருநூறு என்று சொன்னார்களா, இல்லையா? பதில் சொல்கிறவர்களுக்குப் பத்து சதவீதம் உண்டு என்று பவன்குமார் சொன்னான். எந்தப் பதிலுக்கு என்று சொல்லவில்லை.

நீங்கள் யோசிக்கிற நேரத்தில் தபீதாள் மாடியில் யாரும் படுக்காத படுக்கைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பார். நன்றாக யோசித்து ஒரு பதில் சொல்லுங்கள். என்ன சொன்னீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். எங்காவது எழுதிவிடுவேன்.